கொழுந்தை நிறுக்கும் தராசு குழந்தையை நிறுக்குமா?

தெல்தெனிய நகரத்துக்கு மேலே, நக்கிள்ஸ் மலைச்சாரலை நோக்கி ஏறுகின்ற தோட்டங்களிலே நாள்தோறும் தராசு தூக்கப்படுகின்றது. காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை என்று கூடை கூடையாகக் கொழுந்து நிறுக்கப்படுகின்றது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கப்படுகின்றது. எஞ்சியது ஏட்டிலே ஏறுகின்றது. எந்த மலையில், எந்த நாளில், எந்தப் பெண் எத்தனை கிலோ பறித்தாள் என்று கேட்டால், தோட்டத்துக் காரியாலயம் ஒரு நொடியில் விடை சொல்லும்.

அதே காரியாலயத்தில் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டு இந்தத் தோட்டத்துத் தாய்மார் பெற்ற பிள்ளைகள் எத்தனை? அவற்றுள் எடை குறைந்து பிறந்தவை எத்தனை? அவை இன்று எப்படி இருக்கின்றன? விடை வராது. அது தம் வேலையல்ல என்பார்கள். சுகாதாரப் பகுதியைக் கேட்டால், மாவட்டக் கணக்கு உண்டு என்பார்கள். தோட்டத்தின் பெயரோடு, பிரிவின் பெயரோடு மக்கள் முன் வைக்கப்படும் கணக்கு மட்டும் கிடையாது.

கொழுந்துக்குக் கணக்கு உண்டு. குழந்தைக்குக் கணக்கு இல்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குள்ளே மலையகத்தின் நூற்றாண்டு அநியாயம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது என்று நாம் துணிந்து கூறுகின்றோம்.

ஒரு தாயின் கேள்வி

அண்மையில் நாம் அத்தோட்டங்களில் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்தத் தாய்க்குத்தான் தொல்லை. முப்பதாம் கிழமையில், ஏழாம் மாதம் நிறையும் வேளையில், அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. எடை 1,300 கிராம். மூன்று இறாத்தலுக்கும் குறைவு. கண்டிக்குக் கொண்டு போனார்கள். அங்குள்ள வைத்தியரும் தாதியரும் ஒன்பது கிழமை அந்த உயிரைக் கையிலே ஏந்திக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு நம் தலை தாழ்கின்றது. பணம் ஒரு சதமும் கேளாமல் இத்தகைய வைத்தியத்தை உலகின் எல்லா நாடுகளும் தருவதில்லை. இலங்கையின் இலவச வைத்தியத்தை நாம் குறைத்துப் பேசுபவர்கள் அல்லர்.

ஆனால், பிள்ளை திரும்பி வந்த இடம் எது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. ஒரே அறையிலே அடுப்பு, அதே அறையிலே படுக்கை. ஈர விறகின் புகை. மழை பெய்தால் ஒழுகுகின்ற தகரம். தண்ணீருக்குப் பீலிக்குப் போகவேண்டும். வண்டி பிடித்துக் கண்டிக்குப் போவதானால் ஒரு நாட் சம்பளமும் போய், இன்னொரு நாட் சம்பளமும் கரையும்.

அந்தத் தாய் எம்மிடம் கேட்டாள்: “ஐயா, ஒம்பது கெழம ஆஸ்பத்திரியிலயே போயிருச்சு. லீவு முடிய இன்னும் மூணு கெழமதான் இருக்கு. புள்ளய யார்கிட்ட குடுத்துட்டு மலைக்குப் போறது? போகாட்டி அடுப்பு எரியுமா?”

சட்டம் படித்த எம்மிடம் அக்கேள்விக்கு விடை இருக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரை.

சட்டத்தின் கணக்கும் பிள்ளையின் கணக்கும்

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டுக்குரியது. அது தாய்க்குப் பன்னிரண்டு கிழமை விடுமுறை தருகின்றது. 2018ஆம் ஆண்டு வரை, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ளவளுக்கு அதுவும் ஆறு கிழமையாகக் குறைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டுத் திருத்தமே அந்த வேற்றுமையை நீக்கிற்று. பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும், தாய்க்கோ சேய்க்கோ தீங்கு செய்யக்கூடிய வேலையில் அவளை ஈடுபடுத்தலாகாது என்றும் சட்டம் விதிக்கின்றது. பால் கொடுப்பதற்கு வேலை நேரத்தில் இடைவேளை தரவேண்டும் என்றும் விதிக்கின்றது. நல்ல விதிகள்தாம். ஆயினும் அச்சட்டம் நிறைமாதப் பிள்ளையை மட்டுமே மனத்திற் கொண்டு எழுதப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். முப்பதாம் கிழமையில் பிறந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு கிழமை கழியும்போது, அது பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து எண்ணினால் வயது இரண்டே கிழமை. குறைமாதப் பிள்ளையின் வளர்ச்சியை வைத்தியர்கள் அப்படித்தான் எண்ணுகின்றார்கள். ஆகவே, சட்டம் அந்தத் தாயை நோக்கி, “இரண்டு கிழமைப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கு” என்கின்றது. பிள்ளை வைத்தியசாலையில் கிடந்த ஒன்பது கிழமையும் அவளது ‘விடுமுறை’யாகக் கழிக்கப்பட்டுவிட்டது! நோயாளிப் பிள்ளையின் கட்டிலருகே கால் கடுக்க நின்றவளுக்கு அதுவா ஓய்வு?

நம் சட்டநூல்கள் பலவற்றுக்கு மூலமாயிருந்த பிரித்தானியா, இதே குறையைத் தன் சட்டத்திலும் கண்டது. 2023ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றி, பிறந்ததும் வைத்தியசாலையில் தங்கவேண்டிய பிள்ளைகளின் பெற்றாருக்கு, மகப்பேற்று விடுமுறைக்கு மேலதிகமாகப் பன்னிரண்டு கிழமை வரை விடுமுறை வகுத்தது. அது 2025 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. அங்குள்ள பழைய சட்டங்களைச் சொல்லுக்குச் சொல் பிரதி எடுத்த நாம், இந்த நல்ல சட்டத்தைப் பிரதி எடுக்க எத்தனை ஆண்டு காத்திருக்கப் போகின்றோம்?

எடை குறைந்தது எதனால்?

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளையை எடை குறைந்த பிள்ளை என்றும், 1,500 கிராமுக்குக் குறைந்ததை மிகவும் எடை குறைந்த பிள்ளை என்றும் வைத்தியம் வகுக்கின்றது. தாயின் ஊட்டக்குறைவு, சோகை, ஓயாத உழைப்பு, அடுப்புப் புகை, சிறு வயதுக் கர்ப்பம், அடுத்தடுத்த பேறு ஆகியவை எடையைக் குறைக்கின்றன. மிகவும் எடை குறைந்தவற்றுட் பெரும்பாலானவை காலத்துக்கு முந்திப் பிறந்தவை. தொற்று, இரத்த அழுத்தம் முதலியன அவற்றுக்குக் காரணமாகின்றன. நேரத்தில் பார்க்கப்பட்டால் இவற்றிற் பல தடுக்கத்தக்கவை.

2006-07ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தன. தோட்டப் பகுதியிலோ ஏறத்தாழ 31. பத்தாண்டின் பின், 2016ஆம் ஆண்டு அளவீட்டிலே ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 17. தோட்டத்தில் ஏறத்தாழ 32. குறைந்து பிறந்தது குட்டையாய் வளர்கின்றது. குட்டையாய் வளர்ந்த பெண் மீண்டும் குறைந்ததைப் பெறுகின்றாள். வறுமை சொத்தைப் போலப் பரம்பரையாக இறங்குகின்றது.

“அது அவர்களுடைய உடல்வாகு” என்று சொல்லும் கனவான்கள் இருக்கின்றார்கள். 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை உணவைத் தடுத்தபோது ஒல்லாந்தின் மேற்குப் பகுதியில் பெரும் பஞ்சம் வந்தது. உலகிலேயே நெடிய உடல்வாகுடைய மக்களுள் ஒருவர் ஒல்லாந்தர். அவர்களின் பிள்ளைகளும் அக்காலத்தில் எடை குறைந்தே பிறந்தன. உணவு திரும்பியதும் எடையும் திரும்பிற்று. ஒல்லாந்தின் பசி ஒரு குளிர்காலம். நம் மலையகத்தின் பசி எத்தனை தலைமுறை?

“அவர்களுடைய பழக்கவழக்கமே காரணம். ரொட்டியும் வெறுந்தேநீரும் உண்கின்றார்கள், வெற்றிலை மெல்லுகின்றார்கள், ஆண்கள் குடிக்கின்றார்கள்” என்பார் வேறு சிலர். வெறுந்தேநீரை உணவோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும் என்பது உண்மை. குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதும் உண்மை; அதைக் கண்டிக்க நாம் தயங்குவதில்லை. ஆனால், முட்டையையும் மீனையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டா அவர்கள் ரொட்டியைச் சுட்டார்கள்? நாட் சம்பளம் 1,000 ரூபாய் வேண்டுமென்று ஆண்டுக் கணக்கில் கத்தினார்கள். 2021இல் அது கிடைத்தது. மறு ஆண்டிலேயே நாட்டின் பொருளாதாரம் சரிந்து, மா விலை மலையேறி, கிடைத்ததை விழுங்கிற்று. கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்கப்படும் திரிபோஷ மாவுங்கூட அந்த நெருக்கடியில் தடைப்பட்டது. 2024இல் சம்பளம் 1,350 ஆனது. அந்தச் சம்பளத்திலே சோகை தீர உண்டு காட்டுமாறு அக்கனவான்களை அழைக்கின்றோம்.

வட்டாரம் என்பது விதியா?

நம் வாசகருட் பாதிப்பேர் மண்ணை அறிந்தவர்கள். அவர்களிடம் ஒன்று கேட்கின்றோம். நாற்றுமேடையிலே சவலையாய் முளைத்த நாற்றை என்ன செய்வீர்கள்? நல்ல மண்ணில், நிழலில், தண்ணீர் பார்த்து வைத்தால் அது தேறும். கட்டாந்தரையில் நட்டுவிட்டு, ‘வித்துப் பழுது’ என்று சொல்வீர்களா? பிள்ளையும் அவ்வாறே. அமெரிக்கா, பிரித்தானியா முதலிய நாடுகளின் ஆய்வாளர்கள், மிகவும் எடை குறைந்து பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, வறுமைப்பட்ட வட்டாரங்களில் வளர்வோர் பேச்சிலும் அறிவுத்திறனிலும் பின்தங்கும் போக்கைக் கண்டார்கள். பெற்றாரின் வருமானத்தையும் கல்வியையும் கணக்கிலே கழித்த பின்னும் வட்டாரத்தின் சுவடு நிற்பதாக அவற்றுட் சில ஆய்வுகள் காட்டின. அதாவது, வைத்தியர் காப்பாற்றிக் கொடுத்ததை வட்டாரம் பறித்துக்கொள்கின்றது.

அந்த வட்டாரத்தை ஆக்கியது யார்? கடவுளா? ஊழ்வினையா? இல்லை; சட்டம்! நாம் வழக்கறிஞர் என்ற முறையில் இதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1937இல் கிராம சபைத் தேர்தலில் தோட்டத் தொழிலாளிக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. 1949இல் பாராளுமன்ற வாக்கும் போயிற்று. 1964இல் இரு பிரதமர்கள் கூடி, இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று மனிதரைப் பங்கிட்டார்கள். 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபையின் பணம் செல்வதற்குத் தடையாய் நின்றது. 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் பிரசாவுரிமை மீண்டது. 33ஆம் பிரிவோ 2018 வரை திருத்தப்படவில்லை. தொழிலாளியிடம் வாக்கைப் பெற்ற சபை, அவன் வாசலுக்கு ஒரு வடிகால் வெட்ட முடியாதென்று முப்பத்தோராண்டு சட்டம் காட்டிக் கைவிரித்தது. 2018இல் பூட்டுத் திறக்கப்பட்டது. கதவு எத்தனை தோட்டங்களில் திறந்திருக்கின்றது?

சட்டம் ஆக்கியதைச் சட்டம் மாற்றலாம். பணமில்லை, வசதியில்லை என்போருக்குத் தெல்தெனியவே விடை சொல்லும். மகாவலியை மறித்து விக்டோரியா அணை எழுந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் மூழ்கிற்று. அரசாங்கம் என்ன செய்தது? மேட்டிலே புதிய நகரம் ஒன்றை அமைத்தது. அணை 1985இல் திறக்கப்பட்டது. 122 மீற்றர் உயரம். கோடை வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய நகரத்தின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. ஒரு நகரத்தையே தூக்கி மேட்டில் வைக்க வல்ல அரசாங்கத்துக்கு, அந்த மேட்டுக்கும் மேலேயுள்ள லயங்களை மட்டும் அசைக்க முடியவில்லையாம்! கண்டி, மாத்தளைத் தோட்டங்களிற் பல இன்னும் அரச நிறுவனங்களின் கையிலேயே இருக்கின்றன. அங்கே முதலாளியும் அரசாங்கமே, வைத்தியரும் அரசாங்கமே. யார்மீது பழியைப் போடப் போகின்றார்கள்?

செய்யக்கூடியது என்ன?

மலையளவு பணம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து வைத்தியசாலை ஒன்றில், கருவிகள் போதாமையால், குறைமாதப் பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் அதை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைக்கின்றது. யமேக்காவில் 1980களின் பிற்பாதியில், ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் வீடுகளுக்குச் சுகாதார உதவியாளர் கிழமைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் சென்று, பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாண்டு மட்டும் செய்தார்கள். இருபதாண்டின் பின் பார்த்தபோது, அப்பிள்ளைகள் அவ்வுதவி பெறாத பிள்ளைகளைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடுதலாக உழைத்தார்கள். பெரிய கட்டடம் இல்லை. பெரிய இயந்திரம் இல்லை. ஒரு பெண், சில விளையாட்டுப் பொருள், கிழமைக்கு ஒரு மணி.

ஆகவே, நாம் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

ஒன்று: தோட்டம் தோட்டமாக, பிரிவு பிரிவாகப் பிறப்பெடைக் கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்படல் வேண்டும். தாயின் பெயர் வேண்டாம்; தோட்டத்தின் பெயர் வேண்டும்.

இரண்டு: பிள்ளை வைத்தியசாலையிற் கிடக்கும் காலம் மகப்பேற்று விடுமுறையிற் கழிக்கப்படலாகாது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தாற் போதும்.

மூன்று: கர்ப்பிணிக்குச் சரிவான மலையும் முழுக் கூடையும் தீங்கான வேலை என்று அறிவித்து, பேர் குறையாமல் இலகு வேலை கொடுக்கவேண்டும். கிளினிக்குச் செல்லும் நாளுக்கும் முழுப் பேர் போடவேண்டும்.

நான்கு: ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழ் பேசும் குடும்பநல மருத்துவிச்சி வேண்டும். தோட்டத்துப் பெண்பிள்ளைகளிலிருந்தே தெரிந்து பயிற்றுங்கள். மிகவும் எடை குறைந்து பிறந்த பிள்ளையின் வீட்டுக்கு முதல் இரண்டாண்டு கிழமைதோறும் ஒருவர் செல்லவேண்டும். அதன் கண்ணும் செவியும் உரிய காலத்தில் சோதிக்கப்பட, கண்டிக்கோ பேராதனைக்கோ போய்வர வண்டி வேண்டும். பிள்ளைக்காம்பரா பிள்ளைகளைக் கட்டிவைக்கும் இடமாக அன்றி, பேசி வளர்க்கும் இடமாக மாறவேண்டும்.

ஐந்து: புகை போகும் அடுப்பு, குழாய்த் தண்ணீர், மலகூடம் ஆகியவை பிரதேச சபையின் கடமை, உறுதியோடு கூடிய காணியும் வீடும் அரசாங்கத்தின் கடமை. தடுத்த சட்டம் போய்விட்டது, சாக்கும் போகட்டும்.

இவை தமிழ்த் தாய்க்கு மட்டும் கேட்கும் சலுகைகள் அல்ல. மெததும்பரக் கிராமங்களின் ஏழைச் சிங்களத் தாய்க்கும் முஸ்லிம் தாய்க்கும் இதே நியாயம் உண்டு. எடை குறைந்த பிள்ளைக்கு இனம் ஏது?

நம்மவர்க்கும் ஒரு சொல்

அரசாங்கத்தை மட்டும் சாடிவிட்டுப் போவது நேர்மையாகாது. தொழிற்சங்கத் தலைவர்கள் சந்தாவை எண்ணினார்கள். அரசியல் வேலை செய்த நாம் வாக்கை எண்ணினோம். சம்பளத்துக்காக மேடை ஏறிய நாம், பிறந்த பிள்ளையின் எடையைக் கேட்டு ஒருநாளும் மேடை ஏறவில்லை. தமிழ் வைத்தியர்களே, உங்களில் எத்தனைபேர் கண்டியிலிருந்து அந்த மலைக்கு ஏறிப் பார்த்தீர்கள்? தமிழ் வழக்கறிஞர்களே, பால் கொடுக்கும் இடைவேளை மறுக்கப்பட்டதற்காக ஒரு தொழிலாளிக்கு எத்தனை முறை மனு எழுதிக் கொடுத்தோம்? சட்டப் புத்தகத்தில் உறங்குகின்ற உரிமை, பசித்தவன் கனவில் வந்த சோறு.

நாம் இத்துடன் நிற்கப்போவதில்லை. மேற்சொன்ன ஐந்து கோரிக்கைகளையும் மனுவாக எழுதி, தோட்டம் தோட்டமாகக் கையெழுத்துப் பெறும் வேலையைத் தொடங்கவேண்டும். ஒரு மாதத்தில் ஒரு நாளை வைத்தியரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் ஒதுக்கினாற் போதும். தெல்தெனிய மலைகளிலேயே அது தொடங்கட்டும்.

நாளைக் காலையும் அம்மலைகளிலே தராசு தூக்கப்படும். கொழுந்து நிறுக்கப்படும், ஈரம் கழிக்கப்படும், ஏட்டிலே ஏறும். மூன்று கிழமை கழிந்ததும் அந்தத் தாயும் கூடையோடு அந்த வரிசையில் வந்து நிற்பாள். அவள் கூடை எவ்வளவு என்று உலகம் அறியும். அவள் பிள்ளை எவ்வளவு என்று கேட்க ஒருவரும் இல்லையென்றால், எடை குறைந்தது அப்பிள்ளை அல்ல, நாமே!